காற்றும் தண்ணீரும் நம் தீர்மானங்களும்

குடும்பப் பாடம்



ஒரு வீட்டைச் சற்று மனதில் நிறுத்திப் பாருங்கள். தகப்பனார் சிறு கடை வைத்திருக்கிறார், வியாபாரம் மந்தம். மூத்த மகனுக்குப் பரீட்சை நெருங்குகிறது. மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். இப்படியிருக்க, ஒரு நாள் சிநேகிதர் ஒருவர் வருகிறார். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உங்கள் வீட்டில் பண மூலை அடைபட்டுக் கிடக்கிறது. கல்லாப் பெட்டியருகே காசைக் கவ்விய மூன்று கால் தவளை ஒன்று வையுங்கள். பையனுடைய மேஜையைத் திருப்பிப் போடுங்கள். பெண் எந்த மிருகத்தின் ஆண்டில் பிறந்தவள் என்று பார்த்து மாப்பிள்ளை தேடுங்கள்" என்று யோசனை சொல்லிப் போகிறார். மறுநாளே தவளை வந்துவிடுகிறது. தேவமாதாவின் சுரூபத்திற்குப் பக்கத்திலேயே அதற்கும் இடம் கிடைக்கிறது.

இப்படிப்பட்ட வீடு நம்மிடையே இல்லையென்று துணிந்து சொல்ல முடியாது. மூன்று கால் தவளை, சிரிக்கும் புத்தர், காற்றில் ஒலிக்கும் குழாய் மணி, கண்ணாடிக் குவளையில் மூங்கில் தண்டு ஆகியவற்றை விற்கும் கடைகள் நம் பட்டணங்களில் உண்டு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சீனக் குடும்பங்களுக்கு அடுத்த வீட்டில் குடியிருக்கும் நம்மவருக்கோ இவை நெடுநாளாய்ப் பார்த்துப் பழகியவை.

"இது பாவமா? வெறும் அலங்காரந்தானே? இதில் ஏதேனும் உண்மை இருக்கக்கூடாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விகள். பிறர் வழக்கத்தைக் கேலி செய்வது எளிது. அது இன்னதென்று அறிந்துகொண்டு, கொள்வதைக் கொண்டு தள்ளுவதைத் தள்ளுவதே கிறீஸ்தவனுக்கு அழகு. ஆகையால் இவ்வாரம் ஃபெங் சுயி என்னும் சீன மனைச் சாஸ்திரத்தையும், சீன சோதிடத்தையும் பற்றிச் சிறிது படிப்போம்.

காற்றும் தண்ணீரும்

சீன பாஷையில் ஃபெங் என்றால் காற்று. சுயி என்றால் தண்ணீர். பூமியெங்கும் ஒருவித உயிர்மூச்சு ஓடுகிறது என்றும், காற்றடித்தால் அது சிதறும், நீருள்ள இடத்தில் தங்கும் என்றும் பண்டைச் சீனர் எண்ணினர். ஆகவே காற்று அடங்கி, நீர் அருகே இருக்கும் இடமே நல்ல இடமென்று கொண்டனர். கி.பி. 276 முதல் 324 வரை வாழ்ந்த குவோ பு என்னும் வித்துவானின் பெயரால் வழங்கும் ‘அடக்க நூல்’ என்ற பழைய ஏட்டில் இந்தக் கருத்து விளக்கப்படுகிறது. நூலின் பெயரைக் கவனியுங்கள். இன்று பணத்துக்கும் பதவிக்கும் வழியென்று விற்கப்படும் இந்த வித்தை, மரித்தோரை எங்கே அடக்கம் செய்தால் அவர்கள் சந்ததி செழிக்கும் என்ற கேள்வியோடு நெருங்கிப் பிறந்தது. உயிரோடிருப்பவர் குடியிருக்கும் வீட்டுக்கும் கல்லறைக்கும் ஒரே விதமான விதிகளையே அவர்கள் வகுத்தார்கள்.

நல்ல மனை எது? வடக்கே முதுகுக்கு ஒரு மலை; தெற்கே திறந்த வெளி, அதன் முன்னே தண்ணீர்; கிழக்கிலும் மேற்கிலும் இரண்டு சிறு குன்றுகள். கிழக்குக் குன்றைப் பச்சைப் பறவைநாகம் (டிராகன்) என்றும் மேற்குக் குன்றை வெள்ளைப் புலி என்றும் அழைப்பர். பெயர்களைக் கேட்டால் மாயம் போலத் தோன்றும். ஆனால் வட சீனத்தில் குளிர்காலத்தில் வடக்கிலிருந்து எலும்பை நடுக்கும் காற்று வீசுகிறது. மலை அதைத் தடுக்கும். தெற்கு நோக்கிய வாசலில் வெயில் விழும். அருகே தண்ணீர் இருந்தால் குடிக்கவும் பயிரிடவும் உதவும். நம் முன்னோர் தென்றல் வரும்படி தெற்கே சன்னல் வைத்தது எவ்விதமோ அவ்விதமே இதுவும் அனுபவத்தால் வந்த புத்தி. இதில் நாம் குற்றம் காண்பதற்கு ஒன்றுமில்லை.

பிற்காலத்தில் இந்த வித்தை இரண்டு கிளையாய்ப் பிரிந்தது. மலை, ஆறு, நிலம் ஆகியவற்றின் உருவத்தைப் பார்ப்பது ஒன்று. திசைகாட்டியைப் பார்ப்பது மற்றொன்று. இரண்டாம் கிளையார் கையில் லுவோபான் என்னும் வட்டத் தட்டு இருக்கும். நடுவிலே காந்த ஊசி. அதைச் சுற்றி வளையம் வளையமாய் எழுத்துக்கள். அதில் திசைகளை நான்காகவோ எட்டாகவோ அல்ல, 24 ஆகப் பிரித்திருப்பார்கள். மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்ற ஐந்து தத்துவங்களையும் இந்தத் திசைகளோடு சேர்த்துக் கணக்கிடுவார்கள்.

இனி ‘பண மூலை’ என்பதைப் பார்ப்போம். திசைகாட்டியைக் கொண்டு பார்ப்போர் தென்கிழக்கே செல்வத்தின் திசை என்பர். அமெரிக்காவில் லின் யுன் என்பவர் பரப்பிய புது முறையிலோ திசைகாட்டியே வேண்டியதில்லை. வாசலில் நின்று உள்ளே பார்த்தால், இடது கைப்பக்கம் தூரத்தில் தெரியும் மூலையே செல்வ மூலை. இப்போது கிழக்குப் பார்த்த வீடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆசிரியர் தென்கிழக்கைக் காட்டுவார்; இரண்டாம் ஆசிரியரின் கணக்குப்படி அது தென்மேற்காகிவிடும். ஒரே வீடு, இரண்டு பண மூலை! எந்த மூலையில் தவளையை வைப்பது? இருவரும் தங்கள் முறை பலித்ததென்று சாட்சி சொல்லும் மனிதரைக் கொண்டுவருவார்கள். அப்படியானால் பலித்தது மூலையா, அல்லது மூலையை ஒழுங்குபடுத்திய மனிதனின் புதிய ஊக்கமா என்று நாம் கேட்கவேண்டியிருக்கிறது.

பன்னிரண்டு மிருகங்கள்

சீன சோதிடத்தில் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மிருகம் உண்டு. எலி, எருது, புலி, முயல், பறவைநாகம், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி என்று பன்னிரண்டு. இவற்றோடு முன்சொன்ன ஐந்து தத்துவங்களும் இரண்டிரண்டு முறை மாறி மாறிச் சேர்வதால், அறுபது ஆண்டுக்கு ஒரு முறை வட்டம் பூர்த்தியாகிறது. நம் நாட்டுப் பஞ்சாங்கத்திலும் அறுபது வருஷ வட்டம் உண்டாகையால், இது நமக்கு விளங்காத காரியமல்ல. பிறந்த ஆண்டு, மாதம், நாள், நேரம் ஆகிய நான்குக்கும் இரண்டிரண்டு எழுத்தாக எட்டு எழுத்துக்களை எழுதி, அதைக் கொண்டு ஒருவனுடைய தொழில், விவாகம், ஆயுள் ஆகியவற்றைக் கணிப்பார்கள். தன் மிருகத்தின் ஆண்டு பன்னிரண்டு வருஷத்திற்கு ஒரு முறை திரும்பி வரும்போது ஆபத்து என்று எண்ணிச் சிவப்புக் கச்சை, சிவப்பு நூல் அணிவாரும் உண்டு.

பன்னிரண்டு மிருகங்களில் பறவைநாகத்திற்கே மதிப்பு அதிகம். அந்த ஆண்டில் பிள்ளை பிறந்தால் அது பெரிய ஆளாய் வரும் என்று நம்புகிறார்கள். 1988 அவ்வித ஆண்டு. அப்போது சிங்கப்பூரில் பிறப்பு முந்திய ஆண்டைவிட வெகுவாய் உயர்ந்தது.

இந்தப் பிள்ளைகள் உண்மையில் நன்றாய்ப் படிக்கிறார்களா? நாசி மோகன், ஹான் யூ என்னும் இரண்டு பொருளாதார அறிஞர்கள் சீனாவில் இதை ஆராய்ந்து 2017ல் முடிவை வெளியிட்டார்கள். பறவைநாக ஆண்டுப் பிள்ளைகள் மற்றவரைவிட அதிக மதிப்பெண் வாங்குகிறார்கள் என்பது உண்மையே! ஆனால் காரணம் என்ன? அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் அவர்களைப் பற்றி உயர்ந்த எண்ணம் வைக்கிறார்கள். அவர்களுக்காக அதிக நேரமும் பணமும் செலவிடுகிறார்கள். வீட்டு வேலைகளைக் குறைத்துக் கொடுக்கிறார்கள். பெற்றோரின் இந்த எதிர்பார்ப்பைக் கணக்கில் சேர்த்துக்கொண்டால், மிருகத்தினால் வந்த வித்தியாசம் மறைந்துபோகிறது.

இதைச் சற்று நின்று சிந்தியுங்கள். பிள்ளையை உயர்த்தியது பறவைநாகமல்ல. பிள்ளைமேல் நம்பிக்கை வைத்த தாய்தகப்பன். அந்த நம்பிக்கையை எலி ஆண்டுப் பிள்ளைக்கும் ஆட்டு ஆண்டுப் பிள்ளைக்கும் கொடுத்தால் யார் தடுப்பார்?

பிறவாத பிள்ளைகள்

நல்ல ஆண்டென்று ஒன்று இருந்தால் கெட்ட ஆண்டென்றும் ஒன்று இருந்தே தீரும். இதுவே இந்த நம்பிக்கையின் கொடிய பக்கம்.

சீனாவிலிருந்து அறுபது ஆண்டு வட்டத்தைக் கற்றுக்கொண்ட ஜப்பானியரிடையே, நெருப்பும் குதிரையும் சேரும் ஆண்டில் பிறக்கும் பெண் புருஷனுடைய ஆயுளைக் குறைப்பாள் என்றொரு பேச்சு வேரூன்றியது. தீவைத்த குற்றத்திற்காக 1683ல் எடோ நகரில் கொல்லப்பட்ட ஓஷிச்சி என்னும் இளம்பெண் அவ்வித ஆண்டில் பிறந்தவள் என்ற கதை அதை இன்னும் பலப்படுத்திற்று. அறுபது ஆண்டுக்கு ஒரு முறை வரும் அந்த ஆண்டு 1966ல் வந்தது. ஜப்பான் அப்போது ரயில்களும் தொழிற்சாலைகளும் கல்வியும் நிறைந்த தேசம். ஆயினும் நடந்தது என்ன? 1965ல் அந்நாட்டில் ஏறக்குறைய 18 லட்சத்து 20 ஆயிரம் குழந்தைகள் பிறந்தன. 1966ல் ஏறக்குறைய 13 லட்சத்து 60 ஆயிரமே பிறந்தன. மறு ஆண்டில் எண்ணிக்கை 19 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஒரே ஆண்டில் நாலில் ஒரு பங்கு குறைந்துபோயிற்று. பலர் கர்ப்பத்தைத் தள்ளிப்போட்டனர். அதுமட்டுமன்று, அவ்வாண்டில் கருவிலேயே அழிக்கப்பட்ட சிசுக்களின் விகிதமும் உயர்ந்தது.

அந்தச் சிசுக்கள் செய்த குற்றம் என்ன? நாட்காட்டியில் ஒரு பெயர். அவ்வளவே.

"நாங்கள் தவளை வைத்ததற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். மூலையும் ஆண்டும் மனிதனுடைய வாழ்வை நிர்ணயிக்கும் என்று ஒரு முறை ஒப்புக்கொண்டால், நமக்கு நன்மை தரும் இடத்தில் மட்டும் அதை நிறுத்திக்கொள்ள முடியாது. நல்ல சகுனத்தைத் தேடுகிறவன் கெட்ட சகுனத்துக்குப் பயந்தே ஆகவேண்டும். அந்தப் பயம் பெரும்பாலும் பலவீனர் தலைமேலேயே விழுகிறது: வீட்டுக்கு வந்த மருமகள்மேல், காலந்தவறிப் பிறந்த பெண்பிள்ளைமேல், நோயாளிமேல். நம்மவரும் பெண் பார்க்கும்போது நட்சத்திரத்தின் பெயரால் எத்தனை நல்ல பெண்களைத் தட்டிக்கழித்திருக்கிறோம் என்பதை நினைத்துப் பார்ப்போமாக.

ஒரு குருவானவரும் ஒரு குழந்தையின் அடக்கமும்

இந்த வித்தையால் திருச்சபைக்கு நேரிட்ட ஒரு பெருந்துன்பத்தை நம் பிள்ளைகள் அறிந்திருப்பது நலம்.

சீனாவில் முதன்முதல் வேரூன்றி உழைத்த சேசுசபைக் குருக்களில் ஒருவர் மத்தேயோ ரிச்சி. அவர் 1582ல் மக்காவோ வந்து, 1610ல் பீக்கிங் நகரில், அதாவது இன்றைய பெய்ஜிங்கில், மரித்தார். சீனரின் கல்வியையும் ஒழுக்கத்தையும் மனமாரப் புகழ்ந்த அவர், நல்ல நாள் பார்த்தே பிரயாணம் செய்வதையும், மனைக்கும் கல்லறைக்கும் இடம் குறிக்கும் சாஸ்திரிகளுக்குப் பணத்தைக் கொட்டுவதையும் பற்றி மட்டும் வருத்தத்தோடு எழுதிவைத்தார்.

அவருக்குப் பின் வந்தவர் ஜெர்மன் தேசத்தாரான ஆதாம் ஷால் சுவாமி. கணிதத்திலும் வானசாஸ்திரத்திலும் வல்லவர். 1644 செப்டம்பர் 1ம் தேதி நேரிட்ட சூரிய கிரகணத்தை மற்றெல்லாரையும்விடச் சரியாக முன்னறிவித்தபடியால், புதிய மஞ்சூ அரசு அவரையே அரண்மனை வானசாஸ்திர அலுவலகத்திற்குத் தலைவராக்கிற்று. வாலிப ராஜாவான ஷுன்சி அவரைப் பாட்டனாரென்று அன்போடு அழைத்தார்.

ஆனால் அந்தப் பதவியில் ஒரு முள் இருந்தது. அந்த அலுவலகத்தின் வேலை கிரகணம் கணிப்பது மட்டுமன்று. எந்தக் காரியத்துக்கு எந்த நாள் நல்லது என்று குறித்த பஞ்சாங்கமும் அங்கிருந்தே வெளிவந்தது. "ஒரு குருவானவர் இதற்குத் தலைவராயிருக்கலாமா?" என்று அவருடைய சொந்தச் சபையைச் சேர்ந்த குருக்களே ஆட்சேபித்தார்கள். மனச்சாட்சியின் இந்தச் சங்கடம் பெரியோர்க்கும் நேரிட்டதென்பதை நாம் அறியவேண்டும்.

1658ல் ராஜாவின் கைக்குழந்தை ஒன்று இறந்தது. அதன் அடக்கத்திற்கு நேரம் குறித்துக் கொடுத்தது அந்த அலுவலகத்தின் ஒரு பிரிவு. 1660ல் குழந்தையின் தாய் இறந்தாள். 1661ல் ராஜாவும் அம்மைநோயால் மரித்தார். அவருக்குப் பின் பட்டத்துக்கு வந்தவர் சிறுவனான காங்ஷி. 1664ல் யாங் குவாங்ஷியான் என்பவர் ஷால் சுவாமியின்மேல் பெருங்குற்றங்களைச் சாட்டினார். ராஜத்துரோகம், பொய் வேதம், பொய்க் கணிதம் என்பவற்றோடு, குழந்தையின் அடக்கத்தில் ஐந்து தத்துவங்களின் கணக்கைத் தவறாக உபயோகித்ததால் அரச குடும்பத்துக்கே சாவு வந்தது என்றும் சொன்னார்.

ஷால் சுவாமிக்கு வயது எழுபதுக்கு மேல். அவ்வாண்டிலே வாதநோய் கண்டு நாவும் அடைபட்டிருந்தது. அவருக்காகப் பேசியவர் இளைய குருவான பெர்தினந்து வெர்பியஸ்ட். 1665ல் கிழவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் ஏப்ரல் மாதத்தில் பீக்கிங் நகரைப் பூமியதிர்ச்சி குலுக்கியது. அரசவையார் பயந்தனர். ராஜாவின் பாட்டியும் பரிந்து பேசினாள். ஷால் சுவாமி விடுதலையடைந்தார். அவரோடு அலுவலகத்தில் உழைத்த ஐந்து சீனக் கிறீஸ்தவ உத்தியோகஸ்தரோ சிரச்சேதம் செய்யப்பட்டனர். மற்ற வேதபோதகர் பெரும்பாலோர் காண்டன் நகருக்கு அனுப்பப்பட்டனர். ஷால் சுவாமி 1666 ஆகஸ்டு 15ல், தேவமாதாவின் ஆரோபணத் திருநாளன்று, மரித்தார்.

இதன் முடிவைக் கேளுங்கள். அலுவலகம் யாங் வசம் வந்தது. தமக்குக் கணிதம் தெரியாதென்று அவரே பலமுறை விண்ணப்பம் செய்தும் பதவி அவர்மேல் சுமத்தப்பட்டது. பஞ்சாங்கத்தில் பிழைகள் மலிந்தன. 1668 டிசம்பரில் இளம் ராஜாவின் கட்டளைப்படி ஒரு பரீட்சை நடந்தது. நட்ட கோலின் நிழல் நடுப்பகலில் எவ்வளவு நீளமாயிருக்கும் என்று முன்கூட்டியே சொல்லவேண்டும். வெர்பியஸ்ட் சுவாமி சொன்ன இடத்தில் நிழல் விழுந்தது. எதிர்க்கட்சியாரால் அப்படிச் சொல்ல முடியவில்லை. 1669ல் வெர்பியஸ்ட் சுவாமி அலுவலகத்தை ஏற்றார். இறந்துபோன ஷால் சுவாமியின் மானமும் மீட்கப்பட்டது.

ஒரு குழந்தையின் அடக்க நேரத்தைக் காரணங்காட்டி ஐந்து பேரைக் கொல்லவைத்தது ஒரு வித்தை. கோலின் நிழலை அளந்து உண்மையை வெளியிட்டது மற்றொரு வித்தை. சர்வேசுரன் படைத்த வானத்தை ஆராய்வது முதலாவதல்ல, இரண்டாவதே.

கொள்வதும் தள்ளுவதும்

இப்போது நம் வீட்டுக்குத் திரும்புவோம்.

வீட்டில் வெளிச்சமும் காற்றும் வரும்படி செய்வது, உடைந்த சாமான்களை அகற்றுவது, ஒழுகும் குழாயைப் பழுதுபார்ப்பது, வாசலை அடைக்காமல் வைப்பது, பிள்ளை படிக்கும் மேஜையைச் சத்தமில்லாத இடத்தில் போடுவது: இவை ஃபெங் சுயி சொன்னாலும் நல்லவை, நம் பாட்டி சொன்னாலும் நல்லவை. ஒழுங்கான வீடு ஒழுங்கான மனதுக்கு உதவும். இவற்றைத் தாராளமாய்க் கைக்கொள்ளலாம்.

ஆனால் ஒரு பொம்மையோ மூலையோ நிறமோ மறைவான சக்தியால் பணம் தரும் என்று நம்புவதும், பிறந்த ஆண்டைக் கொண்டு வருங்காலத்தை அறியப் பார்ப்பதும் முதற் கற்பனைக்கு விரோதம். 1992ல் வெளியிடப்பட்ட திருச்சபையின் ஞானோபதேச நூல், சோதிடம் பார்ப்பதையும் குறி கேட்பதையும் தள்ளவேண்டிய காரியங்களாகத் தெளிவாய்க் குறிக்கிறது. ஏனெனில் வருங்காலம் சர்வேசுரனுடைய பராமரிப்பில் இருக்கிறது. நமக்கோ சுயாதீனமான மனது கொடுக்கப்பட்டிருக்கிறது. மூலையை நம்புகிறவன் இவ்விரண்டையும் ஒருங்கே மறுக்கிறான். தேவ பராமரிப்பை மறப்பதோடு, தன் பொறுப்பையும் தவளையின் தலையில் இறக்கிவைக்கிறான்.

அர்ச். அகுஸ்தீன் தம் வாலிபத்தில் சோதிடரை நாடியவர். ஒரே வேளையில் பிறந்த செல்வனுடைய பிள்ளையும் அடிமையின் பிள்ளையும் வெவ்வேறு வாழ்வை அடைந்ததைக் கேட்டபோது அந்த நம்பிக்கை அவரைவிட்டு அகன்றது. பிறந்த நேரம் ஒன்றேயாயினும் வாழ்வு ஒன்றாகவில்லை என்பதை அவர் கண்டுகொண்டார்.

சில வினாக்களும் விடைகளும்

வினா: கீழ்த்திசை ஞானிகள் நட்சத்திரத்தைப் பார்த்தல்லவோ சேசு பாலனிடம் வந்தார்கள்?

விடை: ஆம். ஆனால் அந்த நட்சத்திரம் அவர்களுடைய அதிர்ஷ்டத்தைச் சொல்லவில்லை. ஒருவரிடம் அழைத்துச் சென்றது. வழியில் அவர்கள் எருசலேமில் வேதாகமம் கற்றோரைக் கேட்டே இடத்தை அறிந்தார்கள். பாலனைக் கண்டபின் வேறு வழியாய்த் திரும்பினார்கள்.

வினா: சீனத்துப் பொம்மை அலங்காரமாய் வீட்டில் இருந்தால் பாவமா?

விடை: பொம்மை பொம்மையே. உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: அது கீழே விழுந்து உடைந்தால் பெருக்கித் தள்ளிவிட்டு வேலையைப் பார்ப்பீர்களா, அல்லது வீட்டுக்கு என்ன நேருமோ என்று மனம் பதைப்பீர்களா? பதைத்தால், அது அலங்காரமல்ல. அப்பொழுது அதை அகற்றிவிடுவதே உத்தமம்.

வினா: அடுத்த வீட்டுச் சீனக் குடும்பத்தார் புத்தாண்டு விருந்துக்கு அழைத்தால் போகலாமா?

விடை: சந்தோஷமாய்ப் போங்கள். குடும்பம் ஒன்றுகூடி உண்பதும், பெரியோரை வணங்குவதும், பிள்ளைகளுக்குச் சிவப்பு உறையில் பணம் கொடுப்பதும் நல்ல வழக்கங்கள். சீனக் கத்தோலிக்கரும் அந்நாளைக் கொண்டாடுகிறார்கள். முன்னோர்க்கு மரியாதை செய்யும் சீன வழக்கங்களில் குடிமுறையானவை இன்னவை என்று பிரித்துக் காட்டி, அவற்றை 1939 டிசம்பர் 8ல் ரோமாபுரி அனுமதித்தது. ஒரு ஜனத்தின் மரியாதை வேறு, சகுனப் பயம் வேறு. சீனரிலும் இவற்றை நம்பாதவர் அநேகர் என்பதையும் மறவாதிருங்கள்.

வினா: இவ்வித மூடபக்தி நம் ஜெபங்களில் இல்லையா?

விடை: இருக்கக்கூடும். சுரூபத்தைத் தலைகீழாய்ப் புதைத்தால் வீடு விலைபோகும் என்பதும், ஒரு ஜெபத்தை இத்தனை பிரதி எடுத்துக் கொடுக்காவிட்டால் தீங்கு வரும் என்பதும் தவளையைச் சேர்ந்தவையே. ஜெபமாலை அதிர்ஷ்டக் கயிறு அல்ல. சர்வேசுரனை நம் நோக்கத்துக்குத் திருப்புவதற்கல்ல, நம்மை அவருடைய சித்தத்துக்குத் திருப்புவதற்கே ஜெபம் செய்கிறோம்.

இவ்வாரத் தீர்மானம்

நல்ல நோக்கம் வைத்திருப்பது குற்றமல்ல, அது கடமை. கடை நன்றாய் நடக்கவேண்டும், மகன் தேறவேண்டும், மகளுக்கு நல்ல இடம் அமையவேண்டும் என்று விரும்புவது பெற்றோரின் தருமம். ஆகையால் இவ்வாரம் ஒவ்வொரு குடும்பத்திலும் மூன்று காரியங்களைச் செய்யும்படி வேண்டுகிறோம்.

முதலாவது, நோக்கத்தைத் தெளிவாய்ச் சொல்லுங்கள். "நன்றாயிருக்கவேண்டும்" என்பது போதாது. "மூன்று மாதத்துக்குள் கடைக் கடனில் இவ்வளவு தீர்ப்பேன்" என்று காகிதத்தில் எழுதுங்கள்.

இரண்டாவது, அந்நோக்கத்துக்கான உபாயத்தை எழுதுங்கள். தினமும் கணக்கு எழுதுவது, விடியற்காலையில் மகனுடன் ஒரு மணி நேரம் உட்காருவது, மாப்பிள்ளையின் குணத்தை அவனை அறிந்தவர்களிடம் விசாரிப்பது: இவையே உபாயங்கள். பெண்ணின் சம்மதத்தையும் கேளுங்கள். அது எந்த மிருகத்தின் பொருத்தத்தையும்விட முக்கியம்.

மூன்றாவது, இரவு ஜெபத்துக்கு முன் ஆத்தும சோதனை செய்யும்போது, அன்று செய்ததையும் செய்யாததையும் பாருங்கள். நம்மால் ஆனதைச் செய்தபின் எஞ்சியதைச் சர்வேசுரன் கையில் விட்டுவிட்டு நித்திரை செய்யுங்கள். பலன் வரத் தாமதித்தாலும் வீட்டில் யாரையும் அதிர்ஷ்டமில்லாதவர் என்று சொல்லாதிருங்கள். அந்தச் சொல் ஒரு கிறீஸ்தவ வீட்டில் ஒலிக்கவே கூடாது.

கடைசியாக ஒரு நினைவு. அறுபது ஆண்டு வட்டத்தில் 1966க்குப் பின் வரும் நெருப்புக் குதிரை ஆண்டு, சீன நாட்காட்டியின்படி 2026 பிப்ரவரி 17ல் தொடங்குகிறது. அதற்கு மறுநாள், பிப்ரவரி 18, விபூதிப் புதன். அன்று பீடத்தண்டை முழந்தாளிடும்போது, குதிரை ஆண்டில் பிறந்தவனுக்கும் எலி ஆண்டில் பிறந்தவனுக்கும் குருவானவர் ஒரே சாம்பலைப் பூசுவார். நாமெல்லாரும் மண்ணாலானவர்கள், நாமெல்லாரும் ஒரே பிதாவின் பிள்ளைகள். இதுவே நம்முடைய பிறப்புக் குறிப்பு.

அந்தத் தகப்பனார் கல்லாப் பெட்டியருகே இருந்த தவளையை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் கணக்குப் புத்தகத்தை வைப்பாராக. சன்னலைத் திறப்பாராக. காற்றும் வெளிச்சமும் அவருக்கு இலவசமாய்க் கிடைக்கும். அவற்றைத் தருகிறவரை அறிந்து, அவருக்கு நன்றி செலுத்தி, தம் வேலையைத் தொடங்குவாராக.